வண்டிக்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள்!



பட்டுப்புடவை வாங்க வேண்டுமென்றால் நாலு கடை ஏறி இறங்குகிறோம். நகை என்றால் ஹால்மார்க் முத்திரையை பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறோம். ஆனால் வண்டி வாங்கும் விஷயம் வந்தால் மட்டும், 'அது அவர் பார்த்துப்பார்' என்று நம்மில் பலர் ஒதுங்கி விடுகிறோம். நகையை விட வண்டிக்குத்தான் பணம் அதிகம் போகிறது என்பது ஏனோ நமக்குத் தோன்றுவதே இல்லை. அந்த எண்ணத்தில்தான் என் அனுபவத்தை தோழிகளோடு பகிர்ந்து கொள்கிறேன்.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி 19 வருடங்களாக அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தில் குடியிருக்கிறேன். என் தங்கை மாதம் ஒருமுறை உங்கள் இணைப்பிதழ்களைச் சேர்த்துக் கட்டி அனுப்பி வைப்பாள். கணவருக்கு இன்ஜினீயர் வேலை. சிகரெட், சீட்டு என்று எந்தப் பழக்கமும் இல்லாத மனிதர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசைதான்: லேண்ட்ரோவர் டிஃபெண்டர்!

என் மாமனார் வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் டிரைவராக இருந்தவர். துரை பங்களாவில் இருந்த பழைய லேண்ட்ரோவரைக் கழுவித் துடைத்து, மழையிலும் சேற்றிலும் ஓட்டியவர். பையனாக இருந்தபோது என் கணவருக்கு அதில் ஏற அனுமதி கிடையாது. "ஒரு நாள் நானே அந்த வண்டி வாங்குவேன், அப்பாவை முன் சீட்டுல உட்கார வெச்சு ஓட்டுவேன்" என்று சொல்லிக் கொண்டிருந்தாராம். மாமனார் காலமாகி விட்டார். ஆசை மட்டும் போகவில்லை.

அமெரிக்காவில் கிடைக்காதா?

'இத்தனை பெரிய தேசத்தில் ஒரு வண்டி கிடைக்காதா?' என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். லேண்ட்ரோவர் முதன் முதலில் 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான வண்டி. டிஃபெண்டர் என்ற பெயர் 1990-ல் வந்தது. அந்தப் பழைய வடிவத்தை இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையில் 2016 ஜனவரி வரை தயாரித்தார்கள். ஆனால் அமெரிக்காவில் அதை விற்றது 1993-லிருந்து 1997 வரை மட்டுமே, அதுவும் மிகக் குறைவாக. 1993-ல் நீளமான 110 மாடலில் விற்றவை வெறும் 500! அதன் பிறகு, புது வண்டிகளில் ஏர்பேக் கட்டாயம் என்ற சட்டம் வந்ததால் விற்பனையையே நிறுத்தி விட்டார்கள். எனவே இங்கே உள்ளவற்றின் விலை நம்மால் தொட முடியாத உயரத்தில் நிற்கிறது. இங்கிலாந்திலோ விவசாயிகள் வீட்டு வாசலில் இன்றும் நிற்கிறது. அதனால்தான் ஆசைப்படுகிறவர்கள் அங்கிருந்து கப்பலில் வரவழைக்கிறார்கள்.

25 வருடக் கணக்கு

நினைத்தவுடன் வரவழைத்து விட முடியாது. 1980களில் பலர் ஐரோப்பாவிலிருந்து கார்களைத் தாங்களே இறக்குமதி செய்ய ஆரம்பித்ததால், 1988-ல் அமெரிக்க அரசு ஒரு கடுமையான சட்டம் போட்டது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிப்படி கட்டப்படாத வண்டியை உள்ளே விட மாட்டார்கள். 25 வயது பூர்த்தியான வண்டிக்கு மட்டும் விலக்கு. புகை விஷயத்தில் 21 வயது பூர்த்தியாகி, இன்ஜின் தயாரித்தபோது இருந்த மாதிரியே இருந்தால் விலக்கு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பலர் 'மாடல் வருடம்' பார்க்கிறார்கள். சட்டம் பார்ப்பது தயாரான மாதத்தை! 1998 ஆகஸ்டில் தயாரான வண்டியை 2023 ஆகஸ்டுக்கு முன்னால் கொண்டு வரக் கூடாது. இங்கிலாந்தில் தரும் பதிவுப் புத்தகத்தில் (வி5சி என்று பெயர்) முதல் பதிவுத் தேதிதான் பளிச்சென்று தெரியும். தயாரான தேதி வேறு. பழைய லேண்ட்ரோவர்களுக்கு காய்டன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், தன்னிடமுள்ள பதிவேடுகளைப் பார்த்து சான்றிதழ் தருகிறது. அதைக் கையில் வைத்துக் கொள்வது நல்லது.

வந்தது முதல் வண்டி

2023 ஆரம்பத்தில் என் கணவர் ஒரு போட்டோவைக் காட்டினார். பச்சை நிறம், புதுக் கருக்கு மாறாத சீட்டுகள். '1994 தயாரிப்பு' என்று போட்டிருந்தது. விலை 20,000 டாலர். மகளின் காலேஜுக்காக நாங்கள் சேர்த்து வைத்திருந்த பணத்தில் கை வைத்தால்தான் வாங்க முடியும். "நல்ல வண்டிடி, இப்ப விட்டா கிடைக்காது. நாளைக்கே அட்வான்ஸ் அனுப்பணும்" என்றார்.

"ஏனுங்க, அனுப்பலாம். அதுக்கு முன்னால பேப்பரை எல்லாம் ஒருவாட்டி எனக்குக் காட்டுங்க" என்றேன்.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாது, வாஸ்தவம். ஆனால் மளிகைக் கடைச் சீட்டையும் பாங்க் பாஸ் புத்தகத்தையும் வரி வரியாகப் பார்த்துப் பழகிய கண் ஆயிற்றே! லைப்ரரியில் இருந்து புத்தகம் எடுத்து வந்து படித்தேன். அதில் ஒன்று தெரிந்தது. 1990-களின் டிஃபெண்டரில் முதலில் வந்தது 200டிடிஐ என்ற டீசல் இன்ஜின். 1994-ல் 300டிடிஐ. டிடி5 என்ற ஐந்து சிலிண்டர் இன்ஜின் வந்தது 1998-ன் கடைசியில். இவர் காட்டிய வண்டியில் இருந்தது டிடி5! 1994-ல் பிறந்த வண்டிக்கு 1998-ல் பிறந்த இன்ஜின் எப்படி வரும்?

கணவரிடம் கேட்டேன். "பழசு கெட்டுப் போயி மாத்தியிருப்பாங்க. புது இன்ஜின்னா நல்லதுதானே?" என்றார். "அப்ப சேஸிஸ் நம்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க" என்றேன். டிஃபெண்டரில் பானெட்டுக்குள் ஒரு தகட்டில் நம்பர் இருக்கும். அதே நம்பர் முன்பக்கம் வலதுபுறம் சேஸிஸ் இரும்பிலும் பதித்திருக்கும். இரண்டும் பதிவுப் புத்தகமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

விற்கிறவர் தகட்டு போட்டோவை அன்றைக்கே அனுப்பினார். சேஸிஸ் போட்டோவுக்கு மட்டும், 'மழை பெய்கிறது', 'கராஜ் சாவி இல்லை' என்று மூன்று முறை சாக்கு. கடைசியில், 'சேஸிஸ் துருப்பிடித்ததால் புதிதாக மாற்றினோம், அதனால் நம்பர் இல்லை' என்றார். மாற்றிய பில்லைக் கேட்டேன். பதில் இல்லை.

'வேண்டாம்' என்று சொல்லி விட்டேன். வீட்டில் மூன்று நாள் பேச்சு வார்த்தை கிடையாது. நாலாவது நாள் கோவையிலிருந்து மாமியார் போன். "ஏம்மா, அவங்கப்பா நெனப்புல கேக்கறான். நீ எதுக்கு குறுக்க நிக்கறே?" என்று அழாத குறையாகக் கேட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது. "அத்தே, வண்டி வேண்டாம்னு நான் சொல்லல. திருட்டு நம்பர் வண்டி வேண்டாம்னுதான் சொல்றேன். நாளைக்கு கவர்மென்ட்டு வந்து எடுத்துட்டுப் போனா, உங்க பேத்தி காலேஜுக்கு நான் எங்கே போவேன்?" என்றேன். மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது சரிம்மா" என்றார்.

பயம் வீண் பயமல்ல

நான் சொன்னது கற்பனையல்ல. 25 வயது ஆகாத டிஃபெண்டருக்கு பழைய வண்டியின் நம்பரை மாட்டி அமெரிக்காவுக்குள் கொண்டு வருவது ஒரு காலத்தில் வியாபாரமாகவே நடந்தது. 2013-ல் அப்படி வந்த ஒரு டிஃபெண்டரை கஸ்டம்ஸ்காரர்கள் இயந்திரத்தில் போட்டு நசுக்கி, அதைப் படமும் எடுத்து வெளியிட்டார்கள். 2014 ஜூலையில் பல மாநிலங்களில் ஒரே சமயத்தில் 40 டிஃபெண்டர்களைப் பறிமுதல் செய்தார்கள். வீட்டு வாசலில் நின்ற வண்டிகள்! நல்லபடியாகப் பணம் கொடுத்து வாங்கிய குடும்பங்கள் வக்கீல் வைத்துப் போராடின. 2015-ல் பலருக்கு வண்டி திரும்பக் கிடைத்தது. ஆனால் அதுவரை பட்ட அலைச்சலுக்கும் வக்கீல் செலவுக்கும் யார் பொறுப்பு?

இந்தச் செய்திகளைக் கணவரிடம் காட்டினேன். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சரி, நீயே பேப்பரைப் பாரு. நான் வண்டியைப் பாக்கறேன்" என்றார். அன்றிலிருந்து வேலையை இரண்டாகப் பிரித்துக் கொண்டோம்.

இரண்டாவது வண்டி

மூன்று மாதம் தேடினோம். இங்கிலாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் 110 ஸ்டேஷன் வேகன் கிடைத்தது. 1997 மார்ச் தயாரிப்பு, 300டிடிஐ இன்ஜின். விலை அதே 20,000 டாலர்தான். அந்த வீட்டுக் கணக்கு வழக்கைப் பார்ப்பவர் அந்த அம்மாள்தான். வாங்கிய நாள் முதல் எண்ணெய் மாற்றிய ரசீது, டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் கோத்து வைத்திருந்தார். நான் கேட்ட எட்டு போட்டோக்களும் ஒரே மணி நேரத்தில் வந்தன. மூன்று இடத்திலும் நம்பர் ஒன்றே.

இங்கிலாந்தில் இன்னொரு வசதி இருக்கிறது. வண்டிக்கு வருடா வருடம் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனை உண்டு. 2005 முதல் நடந்த சோதனை முடிவுகளை, வண்டி நம்பரைக் கொடுத்து யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எத்தனை மைல் ஓடியது, எந்த வருடம் எங்கே துரு கண்டுபிடித்தார்கள் என்று அதில் ஜாதகம் மாதிரி வந்து விடும்! டிஃபெண்டரின் மேல் தகடுகள் பெரும்பாலும் அலுமினியம், துருப்பிடிக்காது. அடியில் உள்ள சேஸிஸ் இரும்பு. அங்கே குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் உப்புத் தூவுவதால் அடிப்பாகம்தான் அரித்துப் போகும். மேலே பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. அங்கேயே ஒரு மெக்கானிக்குக் கூலி கொடுத்து, வண்டியைத் தூக்கி அடியில் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொன்னோம்.

வி5சி புத்தகத்திலேயே 'இது உரிமைக்கு ஆதாரம் அல்ல' என்று அச்சிட்டிருக்கிறது. கவனித்தீர்களா? எனவே விற்பனை ரசீது தனியாக வேண்டும். வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும். பணத்தை பாங்க் மூலமாக, புத்தகத்தில் பெயர் உள்ளவருக்கே அனுப்பினோம். மூன்றாம் மனிதர் கணக்குக்கு ஒரு காசு கூடப் போகவில்லை.

கோழியால் வந்த வரி!

இனி வரி விஷயம். கேட்டால் சிரிப்பீர்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி போட்டன. கோபம் கொண்ட அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன், 1963 டிசம்பரில் பதிலுக்கு வெளிநாட்டு லாரிகளுக்கு 25 சதவீதம் வரி விதித்தார். கோழிச் சண்டை எப்போதோ முடிந்து விட்டது. வரி மட்டும் இன்னும் இருக்கிறது!

ஆள் ஏறும் வண்டிக்கு 2.5 சதவீதம்தான். சாமான் ஏற்றும் வண்டிக்கு 25 சதவீதம். டிஃபெண்டரில் இரண்டு வகையும் உண்டு. ஜன்னலும் பின் சீட்டும் வைத்த ஸ்டேஷன் வேகன் ஆள் வண்டி. பின்னால் திறந்த பிக்-அப் என்றால் சாமான் வண்டி. 20,000 டாலர் வண்டிக்கு ஒன்றில் 500 டாலர் வரி, மற்றொன்றில் 5,000 டாலர்! 'பிக்-அப் விலை குறைவாக இருக்கிறதே' என்று மகிழ்பவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும். இது தவிர கஸ்டம்ஸ் பரிசீலனைக் கட்டணம் 0.3464 சதவீதம், துறைமுகப் பராமரிப்புக் கட்டணம் 0.125 சதவீதம்.

2025 ஏப்ரலில் வெளிநாட்டுக் கார்களுக்கு இன்னும் 25 சதவீதம் கூடுதல் வரி போட்டார்கள். அப்போதும் 25 வருடம் தாண்டிய பழைய வண்டிகளுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். ஆனாலும் வரி அடிக்கடி மாறுகிற காலம் இது. கப்பலில் ஏற்றும் முன்பு கஸ்டம்ஸ் புரோக்கரிடம் அன்றைய விகிதத்தை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள்.

கப்பல் பயணம்

வண்டியைக் கன்டெய்னரில் பூட்டியும் அனுப்பலாம். 'ரோ-ரோ' கப்பலில் ஓட்டி ஏற்றியும் அனுப்பலாம். கன்டெய்னருக்குச் செலவு கூடுதல், பத்திரம் அதிகம். நாங்கள் சௌதாம்ப்டனில் இருந்து ரோ-ரோவில் அனுப்பினோம். கடல் இன்ஷூரன்ஸ் எடுத்தோம். அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஏற்றும் முன் வண்டியின் அடிப்பாகத்தை நீராவியால் கழுவச் சொன்னோம். அன்னிய மண்ணோடு பூச்சி, விதை வந்து விடும் என்று அமெரிக்க விவசாயத் துறை சேறு ஒட்டிய வண்டியை விடாது. வயலில் ஓடிய வண்டி அல்லவா!

கன்டெய்னரில் அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சரக்கு விவரத்தை, அங்கே கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே அமெரிக்க கஸ்டம்ஸுக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் 5,000 டாலர் வரை அபராதம். 'கப்பல் வந்த பிறகு பார்த்துக்கலாம்' என்பது இங்கே செல்லாது.

இறங்கும் துறைமுகத்தில் முக்கியமான காகிதங்கள் மூன்று. பாதுகாப்புத் துறைக்கான ஹெச்.எஸ்-7 படிவம். புகைக் கட்டுப்பாட்டுக்கான 3520-1 படிவம். கஸ்டம்ஸின் 7501 படிவம். கடைசியில் சொன்னதில் முத்திரை வாங்கி, பீரோவில் நகையோடு வையுங்கள். நம்பர் பிளேட் வாங்கப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் பதிவு விதி வேறு. கலிபோர்னியாவில் புகை விதி மிகக் கடுமை. உங்கள் மாநில அலுவலகத்தில் கேட்டு விட்டு வண்டி தேடுங்கள். வண்டி வாங்கி விட்டுக் கேட்காதீர்கள்.

குழந்தைகள் விஷயம்

வண்டி வந்து சேர்ந்தது. என் கணவர் அதை வீடியோ எடுத்து மாமியாருக்கு அனுப்பினார். "உங்கப்பா இருந்தா முதல்ல அடியில குனிஞ்சு பாத்திருப்பாரு" என்றாராம் மாமியார்!

அந்தச் சந்தோஷத்திலும் நான் ஒன்றில் பிடிவாதமாக இருந்தேன். இந்தப் பழைய டிஃபெண்டரில் ஏர்பேக் கிடையாது. கடைசி வரிசையில் பக்கவாட்டில் எதிர் எதிராக உட்காரும் பெஞ்ச் சீட்டு. பார்க்க நம்மூர் ஜீப் மாதிரி அழகாக இருக்கும். ஆனால் மோதினால் அந்த சீட்டில் பாதுகாப்பு இல்லை. 2007-க்குப் பிறகு அந்த சீட்டு வைப்பதையே கம்பெனி நிறுத்தி விட்டது. எனவே எங்கள் வீட்டில் கடைசி வரிசையில் சாமான் மட்டும்தான். பத்து வயது மகன் நடு வரிசையில் பெல்ட் போட்டுத்தான் உட்கார வேண்டும். ஹைவேயில் குழந்தைகளோடு போவதில்லை. 111 குதிரைசக்தி இன்ஜினுக்கு இங்குள்ள லாரிகளோடு ஓடவும் முடியாது.

ஒரு வேடிக்கையும் உண்டு. வண்டிக்கு ஸ்டியரிங் வலதுபுறம். இங்கே எல்லோருக்கும் இடதுபுறம் பழக்கம். இங்கே வந்த பிறகே கார் ஓட்டக் கற்ற என் கணவர் கியர் போட இடது கையைத் தேடுகிறார். பொள்ளாச்சியில் அப்பாவின் அம்பாசிடரை ஓட்டிப் பழகிய நான்தான் அதை அநாயாசமாக ஓட்டுகிறேன்!

ஊர்த் தோழிகளுக்கு

'நம்ம ஊருக்கும் இப்படிக் கொண்டு வரலாமா?' என்று தங்கை கேட்டாள். அமெரிக்கக் கணக்கை இந்தியாவோடு குழப்பக் கூடாது. இந்தியாவில் 2021-ல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருந்தால்தான் 'வின்டேஜ்' வண்டி. அதற்குத் தனி நம்பர் வரிசை, பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஓட்ட முடியாது. இறக்குமதி விதிகளும் வரியும் தனி.

எந்த நாடாக இருந்தாலும், எந்த வண்டியாக இருந்தாலும், தோழிகளே, இவற்றை மட்டும் மறக்காதீர்கள்:

நம்பரை மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள். தயாரான மாதத்துக்கு ஆதாரம் கேளுங்கள். இன்ஜினும் வருடமும் பொருந்துகிறதா பாருங்கள். 'நாளைக்கே பணம் அனுப்புங்க' என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள். போட்டோ கேட்டால் சாக்குச் சொல்கிறவர், நாளை பிரச்சினை வந்தால் போனையே எடுக்க மாட்டார். மொத்தக் கணக்கில் வரி, கப்பல், இன்ஷூரன்ஸ், புரோக்கர் கூலி எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு விட்டு, பிறகு விலை பேசுங்கள்.

கணவரின் ஆசைக்கு நாம் குறுக்கே நிற்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆசைக்குப் போகிற பணத்தில் நம் பிள்ளைகளின் பங்கும் இருக்கிறது. 'உனக்குப் புரியாது' என்று யார் சொன்னாலும், காகிதத்தை வாங்கிப் பொறுமையாகப் படியுங்கள். இரண்டு முறை படித்தால் எல்லாம் புரியும்!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
வட கரோலினா, அமெரிக்கா.